படத்தில் மட்டும் இருந்த பாலம்

பிப்ரவரி 11

நாத்தனாருக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ கட் பண்ணிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் அண்ணன் காலை நடை பஸ்ஸை நகரத்துக்கு ஓட்டி வரும்போது இதை உன் ஆபீஸ் வாசலில் கொடுத்துவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வழியில் எங்காவது கிழித்துப் போட்டுவிட்டு, "படிச்சுட்டு ரொம்ப சந்தோஷப்பட்டா" என்று என்னிடம் வந்து சொல்லுவார். வீட்டில் சத்தம் வராமல் இருக்க எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய மனுஷன்.

நேற்று எங்கள் ஊர்க் கூடத்தில் நீ திரை கட்டிப் படம் காட்டினாய். நானும் என் ஆட்களும் யூனிஃபார்மோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஊரைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு. "இனிமேல் இது பெருநகரத்தின் ஏழாவது மண்டலம்" என்றாய். பெயர் போய் நம்பர் வந்துவிட்டது, ஜெயிலில் போட்ட மாதிரி என்று சிரித்துக்கொண்டோம். அடுத்த படம் வந்தது. எங்கள் தீயணைப்பு நிலையத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. "இந்த நிலையம் மூடப்பட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுற்றுச்சாலைச் சந்திப்பில் கட்டப்படும் புதிய நிலையத்தோடு இணைக்கப்படும்."

அந்த நிலையத்துக்கு அலுவலர் நான். என் நிலையம் சாகப்போகிற செய்தியை ஊரோடு ஊராக உட்கார்ந்து திரையில் பார்த்தேன். வண்டி ஓட்டுகிற டிரைவர் என் பக்கம் குனிந்து, "மேடம், உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்றார். தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது, நம்பவில்லை. எப்படி நம்புவார்? படம் காட்டினவள் என் புருஷனின் கூடப் பிறந்த தங்கை. போன ஞாயிற்றுக்கிழமைதான் என் வீட்டுக்கு வந்து, என் அடுக்களையில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாய். மெல்லுகிற வாயிலிருந்து ஒரு வார்த்தை விழவில்லை.

ஊர்க்காரர்கள் வழக்குப் போடப் போகிறார்கள். அரசு வேலையில் இருப்பதால் நான் கையெழுத்துப் போட முடியாது. முதல் கையெழுத்து ஆபரேட்டர் போடுகிறார். எங்கள் தியேட்டரில் படம் ஓட்டினவர். தியேட்டரை இடித்த பிறகும் ஊரில் அவருக்கு அதுதான் பெயர். தீ என்றால் உதவிக்கு ஓடி வர நான் பழக்கி வைத்திருக்கிற தன்னார்வப் படையில் முதல் ஆள் அவர்தான். அந்த நிலையத்தை அவ்வளவு லேசில் மூட விடமாட்டோம். நீ வேறு ஊரைப் பார்.

அண்ணி

—

பிப்ரவரி 15

அண்ணிக்கு,

சாப்பாட்டைச் சொல்லிக் காட்டியதற்கு நன்றி. இனிமேல் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

முன்கூட்டிச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அன்று மாலையே ஊரைக் கூட்டியிருப்பீர்கள். மறுநாள் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல பேசினியா?" என்று கேட்டிருப்பார். நீங்கள் யூனிஃபார்ம் போட்டிருப்பது போல எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதில் யூனிஃபார்ம் இல்லை என்பதால் உங்கள் கண்ணுக்கு அது வேலையாகத் தெரிவதில்லை.

கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு யோசியுங்கள். உங்கள் ஊரில் வருடத்துக்கு வருடம் ஆட்கள் குறைகிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நான் குடியிருக்கும் அடுக்குமாடிகளில் மட்டும் உங்கள் ஊரைப் போல இரண்டு ஊர் ஜனம் இருக்கிறது. இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு தீயணைப்பு வண்டி கிடையாது. உங்கள் நிலையமோ சந்தைத் தெருவின் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. போன வருடம் வண்டி வெளியே வர முடியாமல், நீங்களே இறங்கி வெங்காய மூட்டைகளை நகர்த்தினீர்கள் என்று அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரை யாரும் கைவிடவில்லை. புதிய பாலம் புதிய நிலையத்தையும் உங்கள் ஊரையும் இணைக்கிறது. அங்கிருந்து கிளம்பும் வண்டி, உங்கள் வண்டி சந்தைத் தெருவைத் தாண்டுவதற்குள் ஊரின் மறுகோடிக்கு வந்துவிடும். படத்தை இன்னொரு முறை பாருங்கள். பெருக்கல் குறியை மட்டும் பார்க்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்

—

மார்ச் 2

மண்டலத் திட்ட அலுவலர் அவர்களுக்கு,

பாலம் "இணைக்கிறது" என்று எழுதியிருந்தாய். ஒருவேளை எனக்குத்தான் கண் மங்கிவிட்டதோ என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆற்றுக்குள் சில தூண்கள் நிற்கின்றன. தூண்களின் தலையில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு ஷெட் இருக்கிறது, அதில் ஆள் இல்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "அதுவா? மழைக்கு முன்னாடி வந்து கொஞ்ச நாள் தட்டிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஆளையே காணோம்" என்றாள். "இணைக்கும்" என்றாவது எழுதியிருக்கலாமே? உனக்கு வரைபடம்தான் தப்பாக வரும் என்று நினைத்தேன். இலக்கணமும் தப்பாக வருகிறது.

தினமும் நீ ஆபீஸ் ஜீப்பில் அந்தப் பழைய கல் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டுதானே போகிறாய்? ஜன்னல் வழியாக அந்தத் தூண்களைப் பார்ப்பதே இல்லையா? இல்லை, அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாயா?

இன்னொரு சேதி. கோர்ட்டில் தடை உத்தரவு கிடைத்துவிட்டது. வழக்கு முடிகிற வரை எங்கள் நிலையத்தை மூடக்கூடாது, புதியதைத் திறக்கக்கூடாது, ஒரு ஆளையோ ஒரு வண்டியையோ அந்தப் பக்கம் மாற்றக்கூடாது. உன் புதிய நிலையத்துக்குப் பெயின்ட் அடித்துப் பூட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பூட்டுக்கு அவ்வப்போது எண்ணெய் போடச் சொல். நாளாகும்.

நிலைய அலுவலர்
(இன்னமும்)

—

மார்ச் 9

அண்ணிக்கு,

ஜெயித்துவிட்டீர்கள். சந்தோஷமாக இருங்கள்.

பாலம் தாமதமானது உண்மை. கட்டுமானக்காரர் மாறினார், ஆற்றில் தண்ணீர் ஏறியது, எல்லாம் நடந்தது. ஒரு நகரத்தின் படம் என்பது இன்றைக்கு எடுக்கிற ஃபோட்டோ இல்லை. வரப்போவதையும் சேர்த்துத்தான் போடுவோம். இல்லையென்றால் எதுவுமே வராது. ஆனால் புதிய நிலையம் வரப்போவது இல்லை, வந்துவிட்டது. உயர ஏணி வண்டி ஒன்று உள்ளே நிற்கிறது. எந்த மாடிக்கும் எட்டும். அதைத் தொடக்கூடாது என்று உங்கள் ஆட்கள் கோர்ட்டில் வாங்கி வந்திருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் ஏணி மூன்றாவது மாடிக்கு மேல் எட்டாது. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கைதட்டினீர்கள்.

உங்களுக்குத் தீயை அணைப்பதை விட அந்தக் கட்டடம் முக்கியம். அண்ணன் விஷயத்திலும் அப்படித்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன வருடம், நகரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருப்பதாக அண்ணன் சொன்னான். "என் ஸ்டேஷனை விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்தீர்கள். நான் தனியாக ஒரு வீட்டை வாங்கி, தனியாகப் பால் பொங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். இதையெல்லாம் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். நீங்கள் பூட்டுக்கு எண்ணெய் போடச் சொன்ன பிறகு எதற்கு மறைக்க வேண்டும்?

நாத்தனார்

—

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

அந்தத் தீ வந்துவிட்டது.

நேற்று மத்தியானம் நான் ஆபீஸில் இருந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் போனில் அழுதுகொண்டே, "உங்க பிளாக்லதான், புகை மேல வருது" என்றாள். எங்கள் வீடு எட்டாவது மாடி. தீ ஐந்தாவது மாடியில் மின்சாரப் பெட்டியில் பிடித்து, படிக்கட்டு வழியாகப் புகை மேலே ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில் வீடுகளில் இருந்தது பெரும்பாலும் வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும்தான். நான் வந்து சேர்ந்தபோது உங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. உங்கள் ஏணி மூன்றாவது மாடியில் நின்றது. மேலே பால்கனிகளில் ஆட்கள் துணியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பிளாக் காவலாளி படியேறிப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆட்களை இறக்கியிருக்கிறார். எத்தனை பேரை இறக்கினார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கடைசியாக ஒரு முறை போனவர் திரும்பவில்லை. காலையில் நான் இறங்கி வரும்போது என் பையை வாங்கி ஜீப் வரை கொண்டு வருவார். "வேணாம்" என்று சொன்னாலும் கேட்கமாட்டார். அவர் பெயரைக் கூட நான் கேட்டதில்லை. நேற்று அவரைத் துணி மூடிக் கொண்டு போனார்கள்.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் புதிய நிலையத்தின் கூரை தெரியும். உள்ளே அந்த வண்டி. வாசலில் பூட்டு. உங்கள் ஊர் வாங்கி மாட்டின பூட்டு. இப்போது திறந்து பாருங்கள் அண்ணி, உள்ளே அவர் இருக்கிறாரா என்று.

—

ஏப்ரல் 27

பெயரைக் கேட்டதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் காவலாளிதான் எங்கள் ஆபரேட்டர்.

சுற்றுச்சாலையில் உங்கள் மால் வந்ததும் தியேட்டரை மூடினார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்தார். பிறகு அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஆற்றைச் சுற்றி உங்கள் அடுக்குமாடிக் கோபுரத்துக்கு வேலைக்குப் போனார். "வெளிய சொல்லாதீங்க மேடம், ஆபரேட்டர் வாட்ச்மேன் ஆயிட்டான்னு பேச்சு வேணாம்" என்றார். நான் சொல்லவில்லை. உன் புதிய நிலையத்தைத் திறக்கவிடாமல் முதல் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அவர் தலையில் அவரே மண்ணைப் போட்டுக்கொண்டார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். எழுதாதே. எழுதினால் அதோடு நமக்குள் எதுவும் இல்லை.

என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அழைப்பு வந்ததும் கிளம்பினோம். கல் பாலத்தில் உங்கள் அடுக்குமாடிக்கு மணல் ஏற்றிப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. ஒதுங்க இடம் இல்லை. என் டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. நகரத்திலிருந்து ஒரு உயர ஏணி வண்டி கிளம்பியது, தெரியுமா உனக்கு? எங்கள் பின்னாலேயே கல் பாலத்தில் ஏறியிருந்தால் அது நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். உங்கள் புதிய கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த பெண் உன் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "புதுப் பாலம் வழியா போங்க, அதுதான் கிட்ட" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள். போனார்கள். தண்ணீர் வரைக்கும் போனார்கள். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திக்கொண்டு, எதிர்க்கரையில் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு திருப்பிக்கொண்டு சுற்றி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆறாவது மாடிப் படியில் நான்தான் அவரைக் கண்டேன். முகத்தில் ஈரத் துண்டு கட்டியிருந்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, மூக்கை மூடி, பின்னால் முடிச்சு. முடிச்சு கெட்டியாக இருந்தது. அவரைத் தோளில் போட்டு நான்தான் இறக்கினேன். அந்தக் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது. பூட்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே.

—

மே 20

அண்ணிக்கு,

இது தபாலில் வருகிறது. அண்ணன் இனிமேல் கொண்டுவர மாட்டானாம். நேற்று பஸ் ஸ்டாண்டில் நான் கவரை நீட்டியபோது கையைக் கட்டிக்கொண்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து செத்தவரைப் பந்தா உதைக்கிறீங்க. என்னால தூக்கிக்கிட்டு அலைய முடியாது" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். சின்ன வயதில் கூட அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

ஆபரேட்டருடைய வீட்டுக்கு நான் துக்கம் கேட்கத்தான் வந்தேன். அவ்வளவு பேர் முன்னால் வாசலில் வழி மறித்து, "இங்க உனக்கு என்ன வேலை? போ" என்றீர்கள். அவர் மனைவி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். சந்தைத் தெரு முழுக்க யாரும் வழி விடவில்லை, ஒதுங்கி ஒதுங்கி நானே போனேன். அதை மறக்க மாட்டேன்.

அதனால் தீ விபத்து விசாரணையில் நான் யாருக்கும் தயவு பார்க்கவில்லை. பூட்டிய நிலையம், உள்ளே ஏணி வண்டி, தடை உத்தரவு, கூப்பிடு தூரம். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். நீங்களும் எழுந்து பாலத்தைச் சொன்னீர்கள், கட்டுப்பாட்டு அறையைச் சொன்னீர்கள், படத்தில் யார் கையெழுத்து என்று கேட்டதற்கு என் பக்கம் விரலை நீட்டினீர்கள். மறுநாள் பேப்பரில் அண்ணி நாத்தனார் சண்டை என்று போட்டு நம் இரண்டு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். உள்ளே எங்கோ நாலு வரியில் அவர் செத்தது இருந்தது.

என்னை வரைபடப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பஸ் நிறுத்தங்களுக்குக் கூரை போடுகிற வேலை. உங்களுக்கு இனிப்பான செய்தியாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

—

ஜூன் 30

உனக்கு,

இனிப்பு இருக்கட்டும். இப்போது கேள்விப்பட்டது கசப்பைத் தாண்டிவிட்டது.

ஆபரேட்டரின் மனைவி வழக்கை வாபஸ் வாங்கிவிட்டாராம். மற்றவர்களும் அவர் முகத்துக்காக விலகிவிட்டார்கள். தடை போய்விட்டது. எங்கள் ஊர் வக்கீல், "அந்தம்மா பெருநகர ஆபீஸுக்குப் போய்ட்டு வந்துதான் இதைச் செஞ்சாங்க" என்றார். செத்த வீட்டின் ஈரம் காயவில்லை, அதற்குள் வலை போட்டுவிட்டாயா? என்ன சொல்லி அவரை வளைத்தாய்? வேலை தருகிறேன் என்றாயா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு வீடு நடத்துகிற பெண் அவர். படித்தவள் நாலு வார்த்தை நைச்சியமாகப் பேசினால் மறுக்கத் தெரியாது என்று கணக்குப் போட்டிருப்பாய்.

இதில் இன்னொன்று. புதிய நிலையத்துக்கு என்னையே அலுவலராகப் போட்டு உத்தரவு வந்திருக்கிறது. வெட்டின கையாலேயே மருந்து போடுகிறாய் போலிருக்கிறது. உன் சிபாரிசு எனக்கு வேண்டாம். நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரப் போகிறேன்.

—

ஜூலை 4

அண்ணிக்கு,

சொல்லக்கூடாது என்று ஆபரேட்டரின் மனைவி கேட்டுக்கொண்டார். "அவகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்குத்தான் அவமானம்.

நான் வலை போடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. உங்கள் புண்ணியத்தில் அந்தத் தெருவுக்கே வர முடியாது. அவர்தான் வந்தார். பஸ் நிறுத்தப் பிரிவில் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாலம் எப்ப முடியும்?" என்றார்.

அது இப்போது என் பிரிவு இல்லை என்றேன்.

"படம் போட்டப்ப உன் பிரிவுதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்த ஸ்டேஷன்ல வண்டி நிக்குதாமே, நிஜமா?"

"நிக்குது."

"கேஸை நான் எடுத்துடறேன். அவர் போட்ட கையெழுத்து, அதுல எனக்கும் பாத்யதை உண்டு. நீ பாலத்தை முடி. எப்படி முடிப்பியோ எனக்குத் தெரியாது. உங்க ரெண்டு பேர் ரோஷத்துக்கும் நடுவுல விட்டா, இன்னொருத்தி என்னை மாதிரி இங்க வந்து நிக்கணும்."

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "உங்க அண்ணி நல்லவதான். ஆனா அவர் செத்ததுல அவளுக்கு ஒரு நியாயம் கிடைச்சிடுச்சுன்னு நினைக்கிறா. உனக்கும் ஒண்ணு கிடைச்சிருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் கிடைக்கல." நைச்சியமாகப் பேசினால் மறுக்கத் தெரியாத பெண் இப்படித்தான் பேசினார்.

அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் போகும் வழியில் ஆற்றங்கரையில் இறங்கி நிற்கிறேன். எனக்கு அங்கே அதிகாரம் எதுவும் இல்லை. சும்மா நிற்கிறேன். முதலில் சிரித்தார்கள். பிறகு மேஸ்திரி, "மேடம், நீங்க யாரு?" என்றார். "பாலம் எப்பப்பா முடியும்?" என்று மட்டும் கேட்பேன். யார் என்று புரியாத பயத்திலேயே இப்போது வேலை நடக்கிறது.

கடைசியாக, சிபாரிசு. அப்படி ஒரு ஆசை உங்களுக்கு வேண்டாம். அந்த நிலையத்துக்குத் திட்டம் போட்டவள் என்பதால், அதற்கு யாரைப் போடலாம் என்று என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். உங்களைப் போடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தவள் நான். பிடிவாதக்காரி, மேலிடத்துக்குப் பணியமாட்டார், ஊர்ப் பாசத்தில் முடிவெடுப்பார் என்று எழுதினேன். உங்கள் துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு, "அந்த அம்மாதானே ஆறாவது மாடியிலிருந்து ஒரு ஆளைத் தோள்ல தூக்கிட்டு வந்தது?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் நடந்தது. வேலையை விடுவதானால் என் பெயரைச் சொல்லி விடாதீர்கள். நான் அதற்குத் தகுதியானவள் இல்லை.

—

செப்டம்பர் 18

நாத்தனாருக்கு,

புதிய நிலையத்திலிருந்து எழுதுகிறேன். வந்துவிட்டேன். நீ எதிர்த்து எழுதினாய் என்று தெரிந்த பிறகுதான் வர மனம் வந்தது; உன் தயவில் வந்தேன் என்ற பேச்சுக்கு இடமில்லை பார். என் அறையில் ஜன்னல் திறக்காது, ஏ.சி. மட்டும் ஓடுகிறது. ஆட்களுக்கு ஜலதோஷம். அலமாரியில் கதவு இடிக்கிறது. யார் வரைந்த கட்டடம் என்று நான் கேட்கவில்லை.

ஆபரேட்டரின் மனைவி என்னிடம் வந்து பேசினார். என்ன பேசினார் என்பது எனக்கும் அவருக்கும். அவரைப் பற்றி நான் எழுதின வரிக்காக அவரிடம் தலைகுனிந்தேன். உன்னிடம் இல்லை.

பாலம் திறந்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு உன்னைக் கூப்பிடவில்லை என்று உன் அண்ணன் வருத்தப்பட்டார். நான் வருத்தப்படவில்லை.

நேற்றுக் காலை முதல் அழைப்பு. எங்கிருந்து தெரியுமா? என் பழைய ஊர், சந்தைத் தெரு. பாத்திரக் கடையில் காஸ் சிலிண்டர். பாலத்தின் மேல் ஏறினோம். எதிரே ஒரு வண்டி இல்லை. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் ரோட்டைப் பாரய்யா என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? பழைய நிலையத்திலிருந்து கிளம்பியிருந்தால் அந்நேரத்துக்கு நான் இன்னும் வெங்காய மூட்டைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். இதை நீ சொன்னது சரி என்று நான் எழுதுவதாக எடுத்துக்கொள்ளாதே. பாலத்தின் ஊர் முனையில் ஒரு சிக்னல் போட்டிருக்கிறார்கள், யாரோ ஒரு மகான். அதில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். பச்சை வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. உன் பஸ் நிறுத்தக் கூரைகளை விட்டுவிட்டு, இதற்கு யார் காலைப் பிடிக்க வேண்டுமோ பிடி. எங்கள் வண்டி வரும்போது அது தானாக வழி விட வேண்டும். ஆற்றங்கரையில் நின்ற மாதிரி அங்கேயும் போய் நில். அது ஒன்று உனக்கு நன்றாக வருகிறது.

தீ பெரிதில்லை. அணைத்துவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார், கையைப் பிடித்து வெளியே கொண்டு வந்தேன். வழக்கில் ஆபரேட்டருக்கு அடுத்த கையெழுத்து அவருடையது. என் கல்யாணத்துக்குப் பித்தளைக் குடம் கொடுத்தவர். எத்தனையோ மாலை என் நிலைய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரசியல் பேசியிருக்கிறார். அவர் கண்ணெல்லாம் புகை. நான் முகமூடி போட்டிருந்தேன். இருமிக்கொண்டே என் கையைத் தடவிப் பார்த்து,

"யாரு? சிட்டி வண்டியா?" என்று கேட்டார்.

முகமூடியைக் கழற்றியிருக்கலாம். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாலம் வந்ததும் தெருவில் எல்லாம் புது முகங்கள்; நின்றவர்களில் பாதிப் பேர் யாரென்று எனக்கே தெரியவில்லை. ஹோஸைச் சுருட்டச் சொல்வேன் என்று என் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா" என்றேன்.

மற்றதையெல்லாம் என்றைக்காவது ஒரு நாள் மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. இதை மன்னிக்க மாட்டேன்.

அண்ணி